உழைச்செல்வான் எங்கே? செங்கல்பட்டு நிலப்பகுதியின் மருத்துவ வரலாற்றில் நோயாளியின் குடும்பம்

ஆய்வுச்சுருக்கம்

கடுநோய் ஒருவரைப் பற்றும்போது அவர் குடும்பம் முழுவதையும் பற்றுகிறது என்பது எவரும் அறிந்தது. ஆயினும் மருத்துவ வரலாற்று எழுத்துகளில் மருத்துவர், மருந்து, நிறுவனம் ஆகியவை பெறும் இடத்தைக் குடும்பம் பெறுவதில்லை. காவாந்தண்டலம் முதலிய செய்யாற்றங்கரை ஊர்களை உள்ளடக்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையும் அதனை ஒட்டிய சென்னையையும் களமாகக் கொண்டது இக்கட்டுரை. திருமுக்கூடல் ஆதுலசாலை, திருமணி தொழுநோய் மருத்துவமனை, சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வு ஆகியவற்றின் பதிவுகளில் குடும்பம் எவ்வாறு இடம்பெற்றது, எங்கே விடுபட்டது என்பதை இது ஆராய்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகிச்சை வீட்டிற்குத் திரும்பியபோது, அதன் சிக்கனம் வீட்டாரின், சிறப்பாகப் பெண்களின், கணக்கிடப்படாத உழைப்பைச் சார்ந்திருந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: உழைச்செல்வான், ஆதுலசாலை, தொழுநோய், காசநோய், வீட்டுச் சிகிச்சை, செங்கல்பட்டு, காவாந்தண்டலம்

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறது. நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு நான்காவதாக உழைச்செல்வானையும் அது சேர்க்கிறது. நோயாளியின் பக்கத்திலிருந்து, மருந்தைக் காலம் தவறாது கொடுத்து, அவனைப் பேணுபவனே உழைச்செல்வான். சரக சம்கிதையும் மருத்துவத்திற்கு இதே நான்கு கால்களைக் கூறுகிறது. இவ்வொப்புமை முன்னரே பலரால் சுட்டப்பட்டது. பரிமேலழகர் உழைச்செல்வானுக்குரிய இயல்புகளை எண்ணும்போது நோயாளியிடத்து அன்புடைமையையும் அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். கூலிக்கு அமர்த்தப்படும் ஒருவரிடம் இதனைக் கட்டளையாகக் கேட்க இயலாது. உரையாசிரியர் மனத்தில் இருந்தவர் உறவினரா, அன்புடைய பணியாளரா என்பது உரையிலிருந்து தெளிவாகவில்லை. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் அந்த நான்காம் இடத்தில் பெரும்பாலும் இருந்தவர்கள் மனைவியும் தாயும் மகளும் மருமகளுமே. சொல் ஆண்பாலில் நிற்கிறது. வேலை பெண்பாலில் நடந்தது.

மருத்துவ வரலாற்றை எழுதும் நாம் முதல் மூன்று உறுப்புகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். சித்த மருத்துவச் சுவடிகள், கிறித்தவ மிஷன் மருத்துவமனைகள், காலனிய அரசின் கொள்ளைநோய்ச் சட்டங்கள், தடுப்பூசிகள் ஆகியன பற்றி நூல்களும் கட்டுரைகளும் உள்ளன. நான்காம் உறுப்பைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு. சான்றுகள் இல்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அக்காரணம் பாதி மட்டுமே உண்மை. கீழே காட்டப்படும் ஆவணங்கள் யாவும் அறிஞர் உலகம் அறிந்தவையே. அவற்றில் குடும்பம் எந்தப் பெயரில் நுழைகிறது என்பதை மட்டும் இங்கே கவனிக்கிறோம்.

செய்யாற்றின் கரையில் ஓர் ஆதுலசாலை

காவாந்தண்டலம் இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர்ச் சட்டமன்றத் தொகுதிக்கு உட்பட்ட, செய்யாற்றங்கரையில் அமைந்த ஊர். திருஞானசம்பந்தர் பாடிய மாகறல் அதற்கு அண்மையில் உள்ளது. 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரியும்வரை இவ்வூர்களின் மருத்துவம், வருவாய், கல்வி குறித்த அரசுப் பதிவுகள் செங்கல்பட்டு என்னும் பெயரின் கீழேயே வந்தன. ஆகவே இவ்வூர்களின் வரலாற்றைத் தேடுபவர் அப்பெயரையே பின்தொடர வேண்டியிருக்கிறது.

செய்யாற்றின் ஓட்டத்தோடு கிழக்கே சென்றால், அது பாலாற்றோடும் வேகவதியோடும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1068இல், பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் ‘எபிகிராபியா இண்டிகா’ 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் ‘வீரசோழன்’ என்னும் ஆதுலசாலையும் இயங்கியதை அது தெரிவிக்கிறது. ஆதுலசாலையில் 15 படுக்கைகள் இருந்தன. சவர்ணன் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்பவர் அங்கு மருத்துவர். அறுவை மருத்துவம் செய்வார் ஒருவர், மருந்து வேர்களும் விறகும் கொண்டுவருவார், நாவிதர், தண்ணீர் கொண்டுவருவார் ஆகியோருக்கும் ஊதியம் வகுக்கப்பட்டது. வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, கல்யாணலவணம், புராணகிருதம் முதலாக ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. இவற்றுள் வாசாஹரீதகி ஆடாதோடை சேர்ந்த மருந்து. இருமலுக்கு ஆடாதோடையை இன்றும் நம் கிராமங்களில் கொடுக்கிறார்கள்.

தமிழக மருத்துவ வரலாறு எழுதுவோர் இக்கல்வெட்டைத் தவறாமல் குறிப்பிடுவர், பெரும்பாலும் பெருமிதத்தோடு. நமக்கு இங்கே வேண்டியது அதில் வரும் சிறு செய்தி ஒன்று. நோயாளிகளுக்கு மருந்து ஆக்கிக் கொடுக்கவும் அவர்களைப் பேணவும் இரண்டு பெண்கள் அமர்த்தப்பட்டு, அவர்களுக்கும் ஊதியம் ஒதுக்கப்பட்டது. அதாவது உழைச்செல்வான் என்னும் நான்காம் உறுப்பு இங்கே கூலி பெறும் பணியாகப் பதிவாகிறது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. ஆதுலசாலை ஊர்ப் பொதுமக்கள் அனைவருக்குமாக ஏற்பட்டதன்று. கல்விச்சாலை மாணவர்களும் கோயிற் பணியாளர்களுமே அதன் முதன்மைப் பயனாளிகள். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனுக்குப் பக்கத்தில் தாய் இல்லை. தாய் இல்லாத இடத்தில்தான் தாயின் வேலைக்கு நெல்லும் காசும் அளக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் அதே ஆற்றங்கரையில் உள்ள வேறொரு வீட்டில் மருந்து காய்ச்சிய பெண்ணுக்கு எக்கல்வெட்டும் தேவைப்படவில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகளுக்குக் குடும்பம் என்னும் அலகு தெரியாது எனக் கூற இயலாது. முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைத் தேர்தலுக்காகவே பெரிதும் அறியப்பட்டவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனின் உறவினரும் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்று அவை விதிக்கின்றன. சிற்றன்னை, பேரன்னை மக்கள் முதல் உடன்பிறந்தாளை மணந்தவன்வரை அப்பட்டியல் நீள்கிறது. ஒருவன் செய்த குற்றம் எத்தனை பேரைத் தொடும் என்பதை இவ்வளவு நுணுக்கமாக எண்ணத் தெரிந்த சபைக்கு, ஒருவனுக்கு வந்த நோய் எத்தனை பேரைத் தொடும் என்று எண்ணும் தேவை எழவில்லை. குற்றம் சபையின் சொத்தைத் தொட்டது. நோய் வீட்டுக்குள் நின்றது. இது அச்சபையைக் குறைகூறுவதாகாது. ஆவணங்கள் எதனை எண்ணுகின்றன என்பது எழுதுவித்தவரின் தேவையைப் பொறுத்தது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கீழே வரும் நவீன ஆவணங்களுக்கும் இது பொருந்தும்.

திருமணியும் திருமணச் சட்டமும்

கடுநோய் குடும்பத்தைப் பிளந்த வரலாற்றை இப்பகுதியில் தொழுநோய் அளவிற்கு வேறெந்த நோயும் காட்டாது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் இந்தியா முழுவதற்குமானது. அதன் பிடியில் வந்தவர் எல்லாத் தொழுநோயாளரும் அல்லர். பொது இடத்தில் பிச்சை கேட்பவரையும் வெளிப்படையான பிழைப்பின்றித் திரிபவரையுமே அது பிடித்து அடைத்தது. இவ்வரையறையின் மறுபக்கத்தைப் பார்த்தால், சோறு போட ஒரு வீடு இருந்த நோயாளியை அரசு தொடவில்லை. அவருக்கு வீடே காவல். காலனிய அரசின் செலவில் ஒரு பகுதியைக் குடும்பம் ஏற்றுக்கொண்டது என்பதை அச்சட்டம் வெளிப்படையாகச் சொல்லாமலே ஒப்புக்கொள்கிறது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924இல் சென்னை அரசும் ஸ்காட்லாந்துத் திருச்சபை மிஷனும் இணைந்து லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையை நிறுவின. பின்னர் அங்குப் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் தொழுநோயியலில் உலகளவில் அறியப்பட்டவர். 1940களில் சல்ஃபோன் மருந்துகள் வந்து, அதுவரை நீரடிமுத்து எண்ணெய் ஊசியையே நம்பியிருந்த சிகிச்சை மாறியது. இக்கண்டுபிடிப்புகளின் சிறப்பை மருத்துவர்கள் எழுதியுள்ளனர். குடும்ப வரலாற்றின் நோக்கில் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. இந்திய மிஷன் தொழுநோய் இல்லங்கள் பலவற்றில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே வைக்கப்பட்டனர். நோய் தொற்றாத குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனி இல்லங்களில் வளர்க்கப்பட்டனர். குழந்தையைக் காப்பதற்கே இது செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் காத்தலும் பிரித்தலும் ஒரே செயலாக இருந்தன.

1955இல் நடுவண் அரசு திருமணி மருத்துவமனையை ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தை அங்கு அமைத்தது. நோய் தீரும் என்னும் உறுதி பிறந்திருந்த காலம் அது. அதே 1955இல்தான் இந்துத் திருமணச் சட்டமும் நிறைவேறியது. மனு செய்வதற்கு முன் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல், கொடியதும் தீராததுமான தொழுநோயால் துன்புற்றுவரும் கணவனையோ மனைவியையோ மணவிலக்குச் செய்யலாம் என அச்சட்டம் இடமளித்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த மூன்றாண்டு வரம்பையும் நீக்கியது. ஒரே அரசு, ஒரே ஆண்டில், ஓரிடத்தில் நோயைத் தீர்க்க நிலையம் அமைக்கிறது. மற்றோரிடத்தில் தீராத நோய் என்று எழுதுகிறது.

இதற்கு ஓராண்டு முன்னர், 1954 அக்டோபரில், ‘இரத்தக்கண்ணீர்’ திரைப்படம் வெளிவந்தது. திருவாரூர் கே. தங்கராசு எழுதி எம்.ஆர். ராதா மேடையில் பல்லாண்டு நடித்த நாடகத்தின் திரைவடிவம் அது. தொழுநோயுற்ற மோகன் தன் மனைவியை நண்பனுக்கு மறுமணம் செய்துவைக்கும் முடிவைச் சீர்திருத்தக் கருத்தாகவே அக்காலம் கொண்டாடியது. நோய் மோகனின் ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைத்த தண்டனையாகவும் மனைவிக்குக் கிடைத்த விடுதலையாகவும் ஒருசேரக் காட்டப்படுகிறது. பெண்ணின் மறுமண உரிமைக்காக எழுந்த நல்ல குரல், தொழுநோயாளிக்குக் குடும்பத்தில் இடமில்லை என்னும் முடிவை எளிதாக எடுத்துக்கொண்டது. இவ்விரண்டையும் பிரித்துக் காண அன்றைய பார்வையாளரால் இயன்றிருக்குமா என்பது தனியே ஆராயத்தக்கது.

சட்ட ஆணையத்தின் 256ஆம் அறிக்கை (2015) இவ்விதிகளை நீக்கப் பரிந்துரைத்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக் காரணங்களிலிருந்து எடுக்கும் தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டம் 2019இல்தான் வந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்தது 1982இல். மருந்துக்கும் சட்டத்துக்கும் இடையே 37 ஆண்டுகள் கழிந்தன.

சேத்துப்பட்டில் இரு நிகழ்ச்சிகள்

காசநோயின் கதை வேறு வழியில் சென்றது. 1917இல் இங்கிலாந்தில் நோயுற்ற கணித மேதை இராமானுசனுக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவர் சௌரி முத்து. அவர் மெண்டிப் குன்றுப் பகுதியில் சானடோரியம் நடத்திவந்த தமிழர்; பின்னர் 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் நிறுவியவரும் அவரே. சென்னை மின்ரயில் நிலையம் ஒன்றின் பெயராக அச்சொல் இன்றும் தமிழில் வாழ்கிறது. இராமானுசன் 1919இல் நாடு திரும்பினார். கொடுமுடி, கும்பகோணம் என இடம் மாறிய பின், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டு வீடொன்றில் இறந்தார். அவருக்கு வந்தது காசநோய் என்றே அன்று கொள்ளப்பட்டது; பிற்கால மருத்துவ ஆய்வாளர் சிலர் கல்லீரல் அமீபா நோய் எனக் கருதுவர்.

அந்த ஓராண்டில் அவர் பக்கத்திலிருந்து, வேளைக்கு உணவு கொடுத்து, வலித்த இடத்தில் வெந்நீர் ஒற்றடம் இட்டவர் அவர் மனைவி ஜானகி. அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டி இருக்கும். இராமானுசன் அந்நாளில் எழுதிய ‘மாக் தீட்டா’ சார்புகளைப் பற்றி உலகெங்கும் எழுதுகிறார்கள். ஜானகி முதுமையில் அளித்த நேர்காணல்கள் இல்லையேல் ஒற்றடம் இட்ட கை பற்றி நமக்கு ஒன்றும் தெரிந்திராது. அதன்பின் அவர் தையல் வேலை செய்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்து 1994இல் மறைந்தார். நோய் ஓராண்டு, அதன் பின்விளைவு எழுபத்து நான்கு ஆண்டு. மேதையின் மனைவி ஆனதால் இவ்வளவாவது பதிவாயிற்று.

அதே சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இணைந்த முயற்சி அது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம். பின்னணி எளிது. போர் குழு அறிக்கையின்படி (1946) இந்தியாவில் ஏறத்தாழ 25 லட்சம் காசநோயாளிகள்; அவர்களுக்கு இருந்த படுக்கைகள் சுமார் 6,000. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு என்னும் சானடோரிய முறை ஏழை நாட்டுக்கு எட்டாதது. ஐசோனியசிட் 1952இல் வந்தபின், வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதுமா என்னும் வினா எழுந்தது.

வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் ஓராண்டு சானடோரியத்தில் இருந்தனர். மறு பிரிவினர் தம் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் ஒரே மருந்துகள். 1959இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்விதழில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினருக்கும் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் தணிந்திருந்தது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாக உண்டனர், குறைவாக ஓய்வெடுத்தனர், உடல் எடையும் குறைவாகவே கூடியது. ஆயினும் குணம் ஏறத்தாழ ஒத்திருந்தது. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. பிற நாடுகளிலும் சானடோரியங்களின் காலம் முடிய இவ்வாய்வு ஒரு காரணம்.

‘தொடர்பாளர்’ என்னும் சொல்

வீட்டுச் சிகிச்சைக்கு எதிராக அன்று எழுந்த பெரிய அச்சம், நோயாளி வீட்டில் இருந்தால் குழந்தைகளுக்குத் தொற்றுமே என்பது. மையம் இதனையும் ஆராய்ந்தது. நோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களைத் ‘தொடர்பாளர்’ எனப் பதிந்து, ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1960இலும் 1966இலும் முடிவுகளை வெளியிட்டது. வீட்டில் சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் சென்றவரின் குடும்பத்தாரைவிடக் கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே தொற்று நிகழ்ந்துவிடுவதும், மருந்து தொடங்கியபின் தொற்றும் ஆற்றல் விரைந்து குறைவதும் இதற்குக் காரணங்கள். நோயாளியை வீட்டைவிட்டு வெளியேற்ற மருத்துவ நியாயம் இல்லை என்று அறிவியல் முதன்முதலாகத் திட்டமிட்ட ஒப்பீட்டின் மூலம் சொன்ன இடம் சென்னை. திருமணியின் வரலாற்றை அறிந்தவர்க்கு இதன் மதிப்பு நன்கு விளங்கும். இதனைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று.

ஆனால் அச்சொல்லைக் கவனிக்க வேண்டும். தொடர்பாளர் என்பவர் நாளைய நோயாளியாகக்கூடியவர். அவர் மார்பு ஊடுகதிர்ப் படமாகவும் சளிப் பரிசோதனையாகவும் ஏட்டில் நுழைகிறார். மருந்தை எடுத்து நீட்டியவராக, கஞ்சி காய்ச்சியவராக, எச்சில் கலத்தில் சாம்பலிட்டுக் கொட்டியவராக, வேலைக்குப் போகாமல் நின்றவராக அவர் நுழைவதில்லை. நோயாளியின் உணவையும் ஓய்வையும் வீட்டின் நெருக்கடியையும் விரிவாக அளந்த ஆய்வு முன்வைத்த முடிவுகளுள், பேணியவரின் வேலைநேரம் ஓர் அளவையாக இடம்பெறவில்லை. சானடோரியத்தில் செவிலியர், சமையலர், தோட்டி ஆகியோரின் ஊதியம் செலவுக் கணக்கில் ஏறும். வீட்டில் அவ்வேலைகள் எல்லாம் ஒருத்திமேல் விழும்போது அது செலவே இல்லை. ‘வீட்டுச் சிகிச்சை மலிவானது’ என்னும் கூற்று அரசின் பக்கமிருந்து உண்மை. வீட்டின் பக்கமிருந்து அதனைச் சரிபார்க்க அன்று கணக்கு இல்லை. திருமுக்கூடல் கல்வெட்டில் இரண்டு பெண்களின் பெயரில் நின்ற நெல்லும் காசும் இங்கே காணாமற் போயிற்று.

அக்கணக்கின் ஒரு பகுதியை நாற்பதாண்டுகள் கழித்து அதே நிறுவனமே எழுதியது. ராஜேசுவரி ராமச்சந்திரனும் உடனாய்வாளரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு, காசநோயின் சமூக, பொருளாதாரத் தாக்கத்தை நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்து அளந்தது. மருந்து இலவசமாகக் கிடைத்த காலத்திலும் ஒரு நோயாளிக்குச் சராசரியாக மொத்த இழப்பு 5,986 ரூபாய். இழந்த வேலைநாள் 83. பட்ட கடன் 2,079 ரூபாய். பெண் நோயாளிகளில் 15 விழுக்காட்டினர் குடும்பத்தாரால் ஒதுக்கப்பட்டனர். பள்ளி செல்லும் குழந்தைகளில் 11 விழுக்காட்டினர் படிப்பை நிறுத்தினர்; மேலும் 8 விழுக்காட்டினர் குடும்பத்தைக் காக்க வேலைக்குச் சென்றனர். நோயாளி ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துச் சுமை வேறு திசையில் சாய்வதையும் இவ்வெண்களிலிருந்து ஊகிக்கலாம். பேணும் பெண்ணே நோயுற்றால் அவளைப் பேணுவார் யார் என்னும் வினாவுக்குப் பல வீடுகளில் விடை ‘பிறந்த வீடு’ என்பதாக இருந்தது.

பதினொரு விழுக்காட்டில் ஒருவர்

இவ்வெண்களைப் படித்தபோது இக்கட்டுரையாளருக்கு நினைவு வந்தது சொந்த வீடு. இதனை ஆய்வுச் சான்றாக அன்றி, வினா எழுந்த இடமாகக் குறிப்பிடுகிறேன். 1960களின் இறுதியில் செய்யாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் என் தாத்தாவுக்குக் காசநோய் கண்டது. ஓராண்டுக்கும் மேல் அவர் தெருத்திண்ணையிலேயே படுத்தார். அவருக்கென்று தனித் தட்டும் தனிக் குவளையும் இருந்தன. கழனி வேலையைப் பாட்டி ஏற்றார். வீட்டு வேலையையும் தாத்தாவையும் என் தந்தையின் மூத்த சகோதரி ஏற்றார். அப்போது அவர் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தார். ஏன் மேலே படிக்கவில்லை என்று கேட்டபோது அத்தை சொன்னது: “ஆறாவதுக்கு வெளியூரு போவணும். அப்பாவுக்குக் கஞ்சி யாரு வெக்கிறது? மாசத்துக்கு ஒரு தரம் மாத்திரைக்கு யாரு போறது?” அவர் குரலில் வருத்தம் இல்லை, விளக்கம் மட்டுமே இருந்தது. தாத்தா பிழைத்தார். மேலும் இருபதாண்டுகள் இருந்தார். அவருக்குப்பின் பிறந்த என் தந்தை கல்லூரிவரை சென்றார். ஒரே வீட்டில் ஒரே நோய், இரண்டு பிள்ளைகளை இரண்டு விதமாகத் தொட்டது. தேசியத் திட்டத்தின் ஏட்டில் தாத்தா வெற்றிகரமாகக் குணமடைந்தவர். அத்தை நோய் தொற்றாத தொடர்பாளர். இரண்டும் சரியான பதிவுகளே.

ஜார்க்கண்டில் நடைபெற்று 2023இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வு, சென்னை நிறுவனத்தின் அறிவியலாளர்களும் பங்கேற்றது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேரை அது பின்தொடர்ந்தது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள் தரப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் உடன்வாழ்ந்தோருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் தரப்பட்டன. அப்பிரிவின் குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. 1956ஆம் ஆண்டு ஆய்வு நோயாளி குணமடையச் சத்துணவு இன்றியமையாதது அன்று எனக் காட்டியதாகவே நெடுங்காலம் படிக்கப்பட்டது. நோயாளியின் தட்டிலிருந்து வீட்டாரின் தட்டுக்குப் பார்வை நகர ஏறத்தாழ அறுபதாண்டுகள் ஆயின. இந்தியாவில் காசநோயாளிக்கு மாத ஊட்டத்தொகையாக 2018இல் 500 ரூபாய் தரத் தொடங்கி, 2024 நவம்பரில் அதனை 1,000 ஆக உயர்த்தினர். அத்தொகை நோயாளியின் பெயரில் வருகிறது.

இனித் தேட வேண்டிய சான்றுகள் அரசு ஆவணக் காப்பகத்தில் மட்டும் இருப்பவை அல்ல. பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் இடைநின்ற ஆண்டும் காரணமும் எழுதப்பட்டிருக்கலாம். வீட்டுப் பெட்டிகளில் அடகுச் சீட்டுகளும் கடன் பத்திரங்களும் உள்ளன. அத்தையின் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் சிகிச்சை அட்டை இன்னும் இருக்கிறது. மருந்து வாங்கிய தேதிகள் அதில் மாதவாரியாக மையில் குறிக்கப்பட்டுள்ளன. வாங்கிச் சென்றவரின் பெயருக்கு அதில் கட்டம் இல்லை. ஒரு மாதக் குறிப்பின் ஓரத்தில் மட்டும், மருந்து கொடுத்தவர் யாரோ, ‘மகள்’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறார்.